முழந்தாளிட்ட தூதர்கள்

1762 மே மாதத்தில் ஓர் இரவு. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸிலிருந்து அனுப்பிய தூதர் ஜோன் பைபஸ், காலணிகளைக் கழற்றிவிட்டுக் கண்டி அரண்மனையின் சபா மண்டபத்துக்குள் நுழைகிறார். மதராஸ் ஆளுநரின் கடிதம் வெள்ளித் தட்டில் இருக்கிறது. அதைத் தலைக்கு மேல் ஏந்திச் செல்ல வேண்டும் என்பது முறை. திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகுகின்றன. பிரதானிகள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுகிறார்கள். தூதர் முழந்தாளிடுகிறார். கடைசித் திரைக்கு அப்பால் சிம்மாசனத்தில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்.

மன்னர் நலம் விசாரிக்கிறார். அந்தக் கேள்வி ஒரு பிரதானியிடமிருந்து இன்னொருவருக்குப் போய், சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாறி, தூதரோடு வந்த துபாஷியை அடைந்து, அவர் வாயில் ஆங்கிலமாகிப் பைபஸிடம் வந்து சேர்கிறது. பதிலும் அதே வழியில் திரும்புகிறது. கம்பெனிக்கும் கண்டிக்கும் நடுவே நம் மொழி இப்படியொரு வேலை செய்தது என்பது கண்டித் தமிழர் பலருக்கே தெரியாது. பைபஸுக்கு முழங்கால் வலித்தது, பொறுமை போயிற்று. நூறாண்டு கழித்து 1862 இல் கொழும்பில் அச்சான அவருடைய குறிப்புகளில் அந்த எரிச்சலை இன்றும் காணலாம்.

அந்தக் குறிப்புகளைப் படிப்பவர்கள் வழக்கமாக இரண்டு முடிவுகளுக்கு வருகிறார்கள். மலைகளால் சூழப்பட்ட ஒரு சிற்றரசனின் அகந்தை என்பார்கள் சிலர். வெள்ளையனை மண்டியிட வைத்த நம் மன்னர் என்று நெஞ்சு நிமிர்த்துவார்கள் வேறு சிலர். இரண்டும் எனக்கு ஏற்புடையவை அல்ல. அந்த மண்டபத்தில் நடந்தது ஒரு சமாதான முறை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கண்டிக்கும் கரையோரத்துக்கும் இடையே பெரும்போர் மூளாமல் காத்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. போர்களைப் பாடமாக்கிய நாம் இந்த முறையைப் பாடமாக்கவில்லை.

பைபஸ் புதியவர். அந்த மண்டபத்தின் பழைய விருந்தாளிகள் ஒல்லாந்தர். இரண்டாம் விமலதர்மசூரியன் காலம் தொடங்கி, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கொழும்பிலிருந்த ஒல்லாந்த ஆளுநரின் தூதுக்குழு ஆண்டுதோறும் மலையேறியது. காரணம் கறுவா. கரையோரத்தில் விளைந்தது போதவில்லை. நல்ல கறுவா மன்னரின் காடுகளில் இருந்தது. அதை உரிக்கும் சாலிகள் உள்ளே போவதற்கு மன்னரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி ஓராண்டுக்கு மட்டுமே. அடுத்த ஆண்டு மறுபடி வந்து கேட்க வேண்டும்.

எல்லை சீதாவக்கையில். அங்கே கண்டிப் பிரதானிகள் தூதரை எதிர்கொள்வார்கள். பிறகு ஒவ்வொரு தங்குமிடத்திலும் மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருப்பு. மகாவலியின் அக்கரையில் கன்னொருவையிலும் காத்திருக்க வேண்டும். ஆளுநரின் கடிதம் தூதரைவிட உயர்ந்த பயணி. அது வெண்துணி போர்த்தி, விதானத்தின் கீழ், முரசும் துவக்கு வேட்டும் முழங்க வரும். தூதரோடு குதிரைகள், வல்லூறுகள், வெல்வெட்டு, பன்னீர், சந்தனம் முதலான பரிசுகளும் வரும். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் நகருக்குள் அழைப்பு. பிறகு திரைகள், முழந்தாள், நலவிசாரிப்பு.

அந்தக் கடிதங்களில் ஒல்லாந்த ஆளுநர் தம்மை மன்னரின் பணிவான ஊழியர் என்றே எழுதினார். கொழும்புக் கோட்டை மன்னரின் கோட்டை, ஒல்லாந்தர் அதன் காவலர், அவ்வளவுதான். அதே ஆளுநர் ஒல்லாந்தக் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவுக்கு எழுதிய கடிதங்களில் கரையோரம் போர்த்துக்கேயரிடமிருந்து இரத்தம் சிந்தி வென்றெடுத்த கம்பெனிச் சொத்து. இரண்டு ஏடுகளும் ஒரே மேசையில் எழுதப்பட்டவை. கண்டி அரண்மனைக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். மன்னர் கொழும்புக்குக் கட்டளை அனுப்பிய அதே தொனியிலேதான் கறுவாக் காட்டுக்கு அனுமதியும் அனுப்பினார். கட்டளை நிறைவேறாது என்பதை அறிந்தும் அனுப்பினார். அனுமதி கேட்டு வருபவர்கள் தம்மை உரிமையாளராகக் கருதுகிறார்கள் என்பதை அறிந்தும் அவர்களை வரவேற்றார்.

கம்பெனிக்கு வேண்டியது சரக்கு, அது கிடைத்தது. மன்னருக்கு வேண்டியது சாட்சி. கரையோரம் தம்முடையது என்பதைத் தம் பிரதானிகளின் கண்முன்னே ஆண்டுக்கொருமுறை ஒரு வெள்ளையன் முழந்தாளிட்டுச் சொல்ல வேண்டும். 1739 க்குப் பின் இந்தத் தேவை இன்னும் கூடியது. அந்த ஆண்டு நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறக்க, மதுரையிலிருந்து வந்த பட்டத்தரசியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரியணை ஏறினார். அவருக்குப் பின் வந்த கீர்த்தி ஸ்ரீயும் நாயக்கரே. தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவர், சைவப் பின்புலம் கொண்டவர், புத்தரின் புனிதப் பல்லான தலதாவின் காவலராக நின்று சிங்களப் பிரதானிகளை ஆள வேண்டும். சியாமிலிருந்து 1753 இல் உபாலி தேரரை வரவழைத்து, பிக்குகளின் உயர் துறவேற்பான உபசம்பதாவை மீட்ட கீர்த்தி ஸ்ரீக்கு, அந்தத் தூதுக்குழு போய்வரக் கப்பல் கொடுத்தவர்கள் ஒல்லாந்தரே. மண்டபத்தில் மண்டியிட்டவர்கள் கடலில் மன்னரின் புண்ணியத்தையும் சுமந்தார்கள். சமாதானத்தின் இழைகள் இப்படித்தான் பின்னப்பட்டிருந்தன. உப்பும் அவற்றுள் ஓரிழை. மலைநாட்டில் உப்பு விளையாது. புத்தளத்து உப்பும் கரையோரத்துக் கருவாடும் மேலே வராவிட்டால் கண்டியின் அடுப்புகள் தவிக்கும்.

இரண்டு தரப்பும் தத்தமக்குரிய பொருளை வைத்துக்கொண்டு ஒரே சடங்கில் பங்கேற்பதை ஏமாற்று என்று சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மற்றவர் தம்மிடம் என்ன மறைக்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். எதைக் கேட்கக் கூடாது என்பதும் தெரியும். இதைவிட வேறான ஒன்றும் கண்டியின் வரலாற்றில் நடந்திருக்கிறது. அதுதான் ஏமாற்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க நூறாண்டு பின்னே போக வேண்டும்.

1638 மார்ச் 28 அன்று கன்னொருவையில் இரண்டாம் ராஜசிங்கன் போர்த்துக்கேயத் தளபதி தியோகு தெ மெலோவின் படையை அழித்தார். அந்தப் போருக்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்படுவது ஒரு யானை. மன்னர் ஒரு போர்த்துக்கேய வணிகருக்குப் பரிசாகக் கொடுத்த யானையைத் தெ மெலோ பறித்துக்கொண்டார். அதற்கு ஈடாக மன்னர் அவருடைய குதிரைகளைப் பிடித்துவைத்தார். பரிசைப் பறிப்பவன் கொடுத்தவனின் கையைத் தட்டிவிடுகிறான் என்பது அந்தக் காலத்து அரசர் எவருக்கும் புரியும். தெ மெலோவுக்குப் புரியவில்லை.

வெற்றி பெற்றும் மன்னரால் கரையோரக் கோட்டைகளைத் தொட முடியவில்லை. பீரங்கியும் கப்பலும் அவரிடம் இல்லை. அதற்காகவே ஒல்லாந்தரை முன்பே அழைத்திருந்தார். அதே ஆண்டு மே மாதம் மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது. 23 ஆம் தேதி தளபதி ஆடம் வெஸ்டர்வோல்டுடன் உடன்படிக்கை ஆனது. போர்ச் செலவை மன்னர் கறுவாவாகவும் மிளகாகவும் வேறு விளைபொருளாகவும் கொடுப்பார். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவல்படை வைப்பார்கள். ஆனால் இதைச் சொன்ன மூன்றாம் பிரிவில் ஒரு நிபந்தனை இருந்தது. மன்னர் விரும்பினால் மட்டுமே காவல்படை. உடன்படிக்கையின் ஒரு படியில் அந்த நிபந்தனை இருந்தது, மற்றதில் இல்லை. அந்த ஒரு வரிக்குள் இலங்கையின் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் அடங்கிக் கிடந்தன.

1640 இல் காலி வீழ்ந்தது. அதைப் பிடித்த வில்லெம் கோஸ்டர் கண்டிக்கு வந்து பேசி, மனக்கசப்போடு மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். 1656 மே 12 அன்று கொழும்பு சரணடைந்தபோது, முற்றுகைக்குத் துணைநின்ற மன்னருக்கே கோட்டைக் கதவு திறக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிக்கொண்டதாகச் சிங்களவர் இன்றைக்கும் ஒரு பழமொழி சொல்வார்கள். இந்தக் கதையைத்தான் அதற்கு விளக்கமாகக் கூறுவார்கள். ராஜசிங்கன் கொழும்பைச் சுற்றிய ஊர்களைப் பாழாக்கிவிட்டு மலைக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு வந்த தூதர்களை அவர் நடத்திய விதத்தை இந்தக் காயத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஒல்லாந்தத் தூதர்கள் ஆண்டுக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். 1660 இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் கண்டிச் சீமையில் கிடந்தார். 1679 இல் தப்பி ஓடி அவர் எழுதிய நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. அதில் ஒரு பிரெஞ்சுத் தூதர் வருகிறார். 1672 இல் தெ லா ஹேயின் கடற்படை திருகோணமலைக்கு வந்தபோது மன்னர் மகிழ்ந்தார், ஒல்லாந்தருக்கு ஒரு மாற்று கிடைத்ததென்று. தூதராக வந்த தெ லானரோல் குதிரையில் ஏறியபடியே அரண்மனையைக் கடந்து போனார். பேட்டிக்காகக் காத்திருக்கச் சொன்னபோது பொறுக்காமல் எழுந்து போய்விட்டார். விலங்கு பூட்டப்பட்டார். அவர் ஊர் திரும்பவேயில்லை. லானரோல் என்ற குடும்பப் பெயர் இலங்கையில் இன்றும் இருக்கிறது. காத்திருப்பதுதான் அந்தச் சபையில் தூதுவரின் முதல் வேலை. காத்திருக்க மறுத்தவர் தூதராகவே எண்ணப்படவில்லை.

பரிசுக்கு இரண்டு பொருள், தூதருக்குச் சிறை. இவை கண்டிக்கு மட்டும் உரியவை அல்ல. ஏறத்தாழ இதே காலத்தில் கருங்கடலின் வடகரையில் கிரிமியத் தாத்தாரியக் கான்கள் ஆண்டார்கள். செங்கிஸ்கானின் வழிவந்தோர் என்பது அவர்களுடைய பெருமை. மாஸ்கோவின் சார் மன்னர்களும் போலந்து-லித்துவேனிய அரசர்களும் ஆண்டுதோறும் பக்சிசராய் அரண்மனைக்குச் சேபிள் உரோமமும் பணமும் பட்டும் அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் அதை அன்பளிப்பு என்று பதிந்தார்கள். வாங்கியவர்கள் தமக்கு வரவேண்டிய கடமை என்று பதிந்தார்கள். குறைந்தால் குதிரைப்படை வடக்கே கிளம்பும். போலந்து வரலாற்றாசிரியர் தாரியுஷ் கொலொஜெய்சிக் கிரிமியாவுக்கும் போலந்து-லித்துவேனியாவுக்கும் இடையிலான உடன்படிக்கைகளைத் தொகுத்து 2011 இல் வெளியிட்ட பெருநூல், அந்தச் சமாதானங்கள் எத்தனை மொழியில், எத்தனை தடவை புதுப்பிக்கப்பட்டன என்பதைக் காட்டுகிறது. கான் குர்ஆன் மீது சத்தியம் செய்தார். சார் சிலுவையை முத்தமிட்டார்.

மாஸ்கோ அந்தப் பரிசை 1700 ஆம் ஆண்டு இஸ்தான்புல் உடன்படிக்கையோடு நிறுத்தியது. தன்மானம் மீண்டதாக அங்கே கொண்டாடியிருக்கக்கூடும். 1774 இல் இன்னோர் உடன்படிக்கை கிரிமியாவை எவருக்கும் கட்டுப்படாத சுதந்திர அரசு என்று அறிவித்தது. ஒன்பதே ஆண்டுகளில், 1783 இல், ரஷ்யப் பேரரசி காதரீன் அதை விழுங்கிவிட்டார். மங்கலாக இருந்த உறவில் கான்களுக்கு உயிர் இருந்தது. தெளிவாக எழுதப்பட்ட சுதந்திரம் அவர்களைக் கொன்றது. அந்த 1783 இல்தான் கண்டியில் ராஜாதி ராஜசிங்கன் புதிய சபா மண்டபத்தைக் கட்டத் தொடங்கினார் என்பது தற்செயல்தான். ஆயினும் அந்த மகுல் மடுவவின் செதுக்கு மரத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் பக்சிசராயின் நினைவும் கூடவே வருகிறது எனக்கு.

கண்டியில் மங்கலைத் தெளிவாக்கியவர்கள் ஒல்லாந்தர். 1761 இல் போர் மூண்டது. பைபஸ் வந்தது அந்தப் போரின் நடுவில்தான். கீர்த்தி ஸ்ரீ ஆங்கிலேயரிடம் படை கேட்டார், மதராஸ் பிடிகொடுக்காமல் நழுவியது. 1765 பெப்ரவரியில் ஆளுநர் வான் எக் படையோடு கண்டிக்குள் புகுந்தபோது நகரம் காலியாக இருந்தது. ஒல்லாந்தர் அரண்மனையைச் சூறையாடினார்கள். லெவ்கே திசாவை மன்னருக்குக் காணிக்கையாகக் கொடுத்த, தங்கமும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கி ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். காய்ச்சலும் பசியும் ஒல்லாந்தப் படையை ஆறு மாதத்தில் வெளியேற்றின. வான் எக் அதற்கு முன்பே இறந்துபோனார்.

பின்னர் ஆளுநர் ஃபால்க் 1766 பெப்ரவரி 14 அன்று செய்துகொண்ட உடன்படிக்கை மன்னரிடமிருந்து கரையோரம் முழுவதையும் எழுத்தில் பறித்தது. திருகோணமலை, மட்டக்களப்பு, சிலாபம், புத்தளம் எதிலும் கண்டிக்கு இனி உரிமை இல்லை. உப்பு எடுத்துக்கொள்ளலாம். கறுவா உரிக்க அனுமதி கேட்கத் தேவையில்லை. முழந்தாளிடும் சடங்குகளும் நீக்கப்பட்டன.

கம்பெனியின் பார்வையில் இது முழு வெற்றி. பல வரலாற்று நூல்களும் அப்படியே எழுதுகின்றன. நான் இதை அந்தச் சமாதானத்தின் மரணமாகப் பார்க்கிறேன். முழந்தாளை நிமிர்த்திய அதே கை உப்பின் திறவுகோலையும் எடுத்துக்கொண்டது. கடலைக் காணாத அரசாகக் கண்டி எழுதப்பட்டுவிட்டது. அதை மன்னர் மனத்தால் ஒருபோதும் ஏற்கவில்லை. அதன்பின் ஒல்லாந்தருக்குக் கேடு நினைக்கும் எவரும் கண்டியில் விருந்தாளிதான். முப்பதே ஆண்டுகளில் ஒல்லாந்தர் இலங்கையை இழந்தபோது அவர்களுக்காகக் கண்டி ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

1782 இல் மதராஸ் ஆளுநர் மக்கார்ட்னி பிரபுவின் கடிதத்தோடு ஹியூ பொய்ட் வந்தார். பைபஸுக்குப் பின் இருபதாண்டுகள் எங்கே போயிருந்தீர்கள் என்ற கேள்வி அவருக்காகக் காத்திருந்தது. இங்கிலாந்து மன்னரோடுதான் பேசுவோம், வணிகர்களோடு அல்ல என்று அவரை அனுப்பிவிட்டார்கள். நியாயமான பதில். 1796 பெப்ரவரி 12 அன்று மதராஸில் கண்டித் தூதர்கள் ஆங்கிலேயரோடு ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். ஒல்லாந்தர் வைத்திருந்த கரையோரம் அப்படியே ஆங்கிலேயருக்குப் போகிறது என்பதைக் கண்ட ராஜாதி ராஜசிங்கன் அதை உறுதிப்படுத்த மறுத்தார். 1638 இன் பாடம் கண்டிக்கு மறக்கவில்லை. 1802 இல் பிரான்சின் ஆமியான் நகரத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி இலங்கையின் கரையோரத்தைப் பிரித்தானிய முடிக்கு எழுதிக் கொடுத்தன. அந்த மேசையில் கண்டிக்கு நாற்காலி போடவில்லை.

அதற்கு இரண்டாண்டு முன்பு, 1800 இல், ஆங்கில ஆளுநர் நோர்த், ஜெனரல் மக்டவலைப் பெரும்படையோடு கண்டிக்குத் தூதனுப்பினார். தூது என்று பெயர். நோக்கம், கண்டியில் நிரந்தரமாக ஆங்கிலப் படை வைப்பதற்குப் புதிய மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைச் சம்மதிக்க வைப்பது. பரிசுகளில் ஆறு குதிரை பூட்டிய அரச வண்டி ஒன்று இருந்தது. திப்பு சுல்தானிடமிருந்த பொன் வெற்றிலைத் தட்டமும் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கொல்லப்பட்ட ஓர் அரசனின் வெற்றிலைத் தட்டத்தை இன்னோர் அரசனுக்குப் பரிசாக நீட்டுகிறார்கள். தென்னாட்டுச் செய்திகள் நாயக்கர் உறவுகள் வழியாக, கண்டியில் அவர்கள் வாழ்ந்த மலபார் வீதிக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. தட்டத்தைப் பார்த்த கண்கள் என்ன படித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. படை வைக்கச் சம்மதம் கிடைக்கவில்லை.

1803 பெப்ரவரியில் ஆங்கிலப் படை வந்தது. மறுபடியும் காலியான நகரம். முத்துசாமி என்ற நாயக்க இளவரசரைத் தங்கள் பொம்மையாக அரியணையில் வைத்தார்கள். மழையும் காய்ச்சலும் படையைத் தின்றன. ஜூன் 24 அன்று மேஜர் டேவி சரணடைந்து, திருகோணமலைக்குப் போக வழிவிடும் உறுதியோடு புறப்பட்டார். வத்தப்புலுவையில் மகாவலி கரைபுரண்டோடியது, தோணி இல்லை. முத்துசாமியை ஒப்படைக்கும்படி மன்னரின் ஆள் வந்தார். தம்மை நம்பி வந்த இளவரசரை டேவி ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். பிறகு படையினரும் கொல்லப்பட்டார்கள். அந்த ஆற்றங்கரையில் இரண்டு தரப்பும் வாக்கை மீறின. எவரையும் நான் விடுவிக்க மாட்டேன். ஆனால் நாற்பதாண்டுகளாகச் சமாதானத்தின் பழக்கம் கொஞ்சங்கொஞ்சமாகப் பிய்த்தெறியப்பட்ட ஓரிடத்தில், சரணடைந்தவனுக்குக் கொடுத்த உறுதிக்கு மட்டும் எங்கிருந்து வலு வரும்?

1815 மார்ச் 2 அன்று அதே மகுல் மடுவவில் கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அரசன் சிறையில். பிரதானிகள் ஒப்பமிட்டார்கள். பௌத்தத்தைக் காப்பதாகச் சொன்ன அதன் ஐந்தாம் பிரிவை எல்லோரும் அறிவார்கள். அதன் சாயல் 1972, 1978 அரசியலமைப்புகள் வரை நீண்டது. மூன்றாம் பிரிவைப் பேசுவோர் குறைவு. மன்னரின் ஆண் உறவினர் அனைவரையும் அது பகைவர் என்று அறிவித்து, அனுமதியின்றிக் கண்டிச் சீமைக்குள் நுழைவதைத் தடுத்தது. தலதாவைக் காத்து, விகாரைகளைத் திருத்தி, பெரஹராவுக்கு உருக்கொடுத்த ஒரு குடும்பம் ஒரு பத்தியில் அந்நியமானது. ஸ்ரீ விக்கிரமன் 1816 இல் கப்பலேற்றப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று வேலூரில் இறந்தார். அவர் கல்லறை அங்கே பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆங்கிலேயர் அந்த உடன்படிக்கையைக் காத்த அழகை 1818 ஊவாக் கிளர்ச்சியும், அதன்பின் நவம்பர் 21 அன்று வந்த பிரகடனமும் காட்டின. மூன்றே ஆண்டுகளில் பிரதானிகளின் பழைய அதிகாரங்கள் சுருக்கப்பட்டன.

இவற்றையெல்லாம் பழங்கதையாக எண்ணி ஒதுக்க என்னால் முடியவில்லை. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். தமிழரசுக் கட்சி அதை இடைக்கால ஏற்பாடு என்றது. பிரதமர் தம் மக்களிடம் எதுவும் இழக்கப்படவில்லை என்றார். இரண்டு பொருளும் ஓர் ஒப்பந்தத்தில் வாழ இடமிருந்தது. அந்த இடத்தைப் பொறுக்காதவர்கள் அக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்தனாவின் தலைமையில் கொழும்பிலிருந்து நடந்தார்கள். போய்ச் சேர வேண்டிய இடமாக அவர்கள் அறிவித்தது கண்டி, தலதா மாளிகை. இம்புல்கொடையில் தடுக்கப்பட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்டது 1958 ஏப்ரலில் நடந்தது, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. தூதர்கள் காத்துக் காத்து ஏறிய கண்டியை நோக்கி, ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒரு கூட்டம் நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது.

1964 அக்டோபர் 30 அன்று தில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள். மலையகத் தமிழர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். கண்டி மாவட்டத்துத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் குடும்பங்கள் உடைந்தன. ஆமியானில் மலைநாட்டு மன்னருக்கு நேர்ந்தது, மலைநாட்டுத் தொழிலாளருக்குத் தில்லியில் நேர்ந்தது. யாரைப் பற்றிய சமாதானமோ அவர்கள் அந்த அறையில் இல்லை. கண்டியின் பழைய மண்டபத்தில், எத்தனை திரை இருந்தாலும், இரண்டு தரப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

முழந்தாளிடும் முறையை நான் மீண்டும் கேட்கவில்லை. சாலிகளின் முதுகில் ஏறியே அந்தக் கறுவா வணிகம் நடந்தது. அரசனின் சிறையில் நொக்ஸும் அவர் தோழர்களும் இளமையை இழந்தார்கள். அந்த முறையில் நான் மதிப்பது மூன்றை. ஆண்டுதோறும் வந்து புதுப்பித்தார்கள், காத்திருந்தார்கள், மற்றவருக்கு அவருடைய பொருளை விட்டுக்கொடுத்தார்கள்.

லெவ்கே பீரங்கி 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தது, வாள்களும் சுவர்த் துப்பாக்கிகளும் கூடவே. பத்திரிகைகள் அதைப் படத்தோடு எழுதின. திரும்பி வரத் தேவையில்லாத ஒரு செல்வம் கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்தில் எப்போதும் இருக்கிறது. 2003 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட ஒல்லாந்தக் கம்பெனி ஆவணங்களின் இலங்கைப் பகுதி அது. கண்டித் தூதுகளைப் பற்றிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் அதில் உண்டு. சிங்கள ஆய்வாளர் சிலரும் ஐரோப்பியர் சிலரும் அவற்றில் உழைத்திருக்கிறார்கள். தமிழில் அந்த வேலை இன்னும் தொடங்கக்கூட இல்லை என்றே சொல்ல வேண்டும், தமிழ் அந்தச் சபையின் மொழிகளில் ஒன்றாக இருந்தும்கூட.

தூதர்கள் காத்துக் கிடந்த கன்னொருவைக்கு எதிர்க்கரையில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தமிழில் வரலாறு படிக்கும் மாணவர்களுள் இருவராவது பழைய ஒல்லாந்து மொழியைக் கற்று, அந்த நாட்குறிப்புகளைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். பேராசிரியர்கள் அதற்கு வழிசெய்ய வேண்டும். அச்சிடும் செலவைக் கண்டித் தமிழர் நாம் ஏற்றுக்கொள்ளலாம்.